இரண்டிலிருந்து எண்ணிய குழந்தை

நடந்தவை, வரிசையாக:

1. ஆனி மாதம் தென்காசிப் பள்ளியில் சிசு வகுப்பு என் பொறுப்புக்கு வந்தது.

2. அதில் உலகம்மாள் என்றொரு குழந்தை இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எண்ணத் தெரியாது என்று எனக்குச் சொன்னார்கள்.

3. இந்த முறையும் முதல் வகுப்புக்கு ஏற்றாவிட்டால் அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவதாக அவளுடைய அப்பா சொல்லியிருந்தார்.

4. ஆடியில் இன்ஸ்பெக்டர் அம்மாள் பள்ளியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

5. ஆய்வு நாளன்று அந்தக் குழந்தையை வீட்டிலேயே இருக்கச் சொல்லும்படி தலைமை ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

6. ஆய்வுக்கு முந்தின நாள் கூரை ஒழுகியது.

7. நான் குழந்தையை வரச் சொல்லிவிட்டேன்.

இனி விவரம். அடுத்த மாதம் இந்த வகுப்பை உங்கள் மூவரிடம் கொடுத்துவிட்டு நான் கடையம் பள்ளிக்குப் போகிறேன். மணல் தட்டை எப்படி வைப்பது, எந்த எழுத்தை முதலில் எடுப்பது என்பதெல்லாம் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தராத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு குழந்தைக்குத் தெரியாது என்று எல்லோரும் சொல்லும்போது, அது உண்மைதானா என்று பார்க்க நமக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது பற்றி.

நான் வந்து சேர்ந்தபோது எனக்கும் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. கையில் புதிதாகக் கிண்டர்கார்ட்டன் பயிற்சி. பெட்டியில் நானே வெட்டி ஒட்டிய அட்டைகள். சாரல் தொடங்கிவிட்டதால் மணல் காயவே இல்லை. ஈர மணலில் விரலால் எழுதினால் எழுத்து நன்றாக நிற்கும், அழிப்பதுதான் பாடு. ஒரு குழந்தை எழுதிய ‘ட’ மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும். முன்பிருந்தவர்கள் ‘அ’விலிருந்து தொடங்கியிருந்தார்கள். நான் ட, ப, ம என்று எளிய கோடுகளில் தொடங்கினேன். இரண்டு தாய்மார்கள் வந்து, “எங்க பிள்ளைக்கு அ போட்டுக் குடுங்க டீச்சர், மொத எழுத்து டன்னா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டார்கள். சரி என்று அவர்கள் எதிரிலேயே ‘அ’ போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு மறுபடி ‘ட’வுக்கு வந்தேன். இப்படிப்பட்டவற்றில் சண்டை போட வேண்டாம்.

வகுப்பில் முதலில் ‘படம்’ என்று வாசித்தவள் உலகம்மாள்தான். ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தவள், அதனால் இருக்கலாம் என்று நினைத்தேன். எழுத்தும் நன்றாக இருந்தது. சிலேட்டில் எண்களை நான் போட்டுக் காட்டினால் அடுத்த வரியில் அதைவிட நேராகப் போடுவாள். தகராறு எண்ணும்போதுதான் வந்தது.

தரையில் புளியங்கொட்டையைக் குவித்து, ஒவ்வொன்றாக எடுத்து வலப்பக்கம் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். உலகம்மாள் முதல் கொட்டையை எடுப்பாள். வைப்பாள். வாய் இறுக மூடியிருக்கும். அடுத்ததை எடுக்கும்போது ‘ரெண்டு’ என்பாள். பிறகு மூணு, நாலு, அஞ்சு என்று தடையில்லாமல் போகும். ஒன்று மட்டும் வராது. பிள்ளைகள் அவளுக்கு ‘ரெண்டு’ என்றே பேர் வைத்திருந்தார்கள்.

“ஏட்டி ரெண்டு, ஒங்க வீட்ல ஒண்ணு கெடையாதா?”

“அத எலி தின்னுட்டுல்லா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு கொட்டையைப் பழையபடி குவிப்பாள்.

தலைமை ஆசிரியர் பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். கோபக்காரர் அல்ல, பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும் எப்போதும் உண்டு. போன வருஷம் நடந்ததை அவர்தான் சொன்னார். “அஞ்சு கொட்டைய வச்சேன் டீச்சரம்மா. அஞ்சையும் நானே எடுத்துட்டேன். இப்போ எத்தன இருக்குன்னு கேட்டா, நெறைஞ்சிருக்கு சார்வாள்ங்கா. வெறுந்தரை. கிளாசே சிரிச்சிட்டு. அந்தப் பிள்ளைக்கு மண்டையில ஏறாது.”

எனக்கு எதையும் வரிசை போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. அன்று மாலை பார்த்தேன். ஒன்றைச் சொல்லாமல் இரண்டில் தொடங்குகிற குழந்தை, முடிவில் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். உலகம்மாள் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. ஏழு கொட்டை வைத்தால் ஏழில்தான் நின்றாள். அப்படியானால் முதல் கொட்டையையும் அவள் எண்ணுகிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எண்ணத் தெரியாததும் எண்ணிவிட்டுச் சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு. ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவளிடம் கேட்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். திரும்பக் கேட்டேன், அழத் தயாரானாள். அத்துடன் விட்டேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளைப் பார்க்க அதிகாரிகளுக்கு ஆனி ஆடியில்தான் நேரம் கிடைக்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழும் மாதங்கள் அவை. காலையில் அருவி, பிறகு பள்ளி. நமக்கும் அதில் ஒரு நன்மை உண்டு: குளித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். அந்த வருஷம், சிசு வகுப்பிலிருந்து யாரை ஏற்றலாம் என்பதை இன்ஸ்பெக்டர் அம்மாள் தானே குழந்தைகளைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

தலைமை ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். “அன்னைக்கு அந்த உலகம்மாள வீட்லயே இருக்கச் சொல்லிருங்க. எல்லா ஸ்கூல்லயும் செய்றதுதான். அந்தம்மா அந்தப் பிள்ளையப் புடிச்சிட்டாவன்னா மொத்த வகுப்பும் கெட்டுப்போகும். ஒங்க வேலைக்கும் அது நல்லதில்ல.”

“வராட்டா ஏத்த முடியாதே சார்.”

“வந்தாலும் ஏத்த முடியாது டீச்சரம்மா. அடுத்த வருஷம் பாப்போம்.”

அடுத்த வருஷம் என்பது அவளுக்குக் கிடையாது என்று இருவருக்குமே தெரியும். அவளுடைய அம்மா வயல் வேலைக்குப் போகிறவள். கைக்குழந்தை ஒன்று வீட்டில் இருந்தது. ஆவணியில் கார் நெல் அறுப்பு வந்தால் தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டும். நான் “பார்க்கிறேன் சார்” என்று மட்டும் சொன்னேன். முடிவு எடுக்கத் தெரியாதபோது சொல்லக்கூடிய பதில் அது. அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு முந்தின நாள் மழை சாரலாக இல்லாமல் பலமாகவே பெய்தது. ஓட்டில் ஒழுகல். குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைச் சட்டியை எடுத்து ஒழுகுகிற இடத்தில் வைத்தேன். பிள்ளைகளை மறுபக்கம் நகர்த்தி உட்காரவைத்துவிட்டு அட்டைகள் நனையாமல் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல், தண்ணீர் விழும் சத்தத்தோடு சேர்ந்து வந்தது.

“ஒண்ணு.”

சொட்டு விழும்வரை நிறுத்தம்.

“ரெண்டு.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள். அட்டைக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். உலகம்மாள் சட்டியின் முன் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இருபது வரை போய்விட்டு, மறுபடியும் ‘ஒண்ணு’ என்று தொடங்கினாள்.

சாயங்காலம் மழை விடாததால் அவளைக் கூட்டிப்போக அப்பா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். இலத்தூர்ப் பக்கத்துக் களங்களில் நெல் அளக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் புளியங்கொட்டைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதில்லை. நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டையாக வரும். நெல் அளப்பதை நின்று பார்த்ததே கிடையாது.

“உலகம்மா கொட்டையை எண்ணும்போது ஒண்ணு சொல்ல மாட்டேங்கிறா. மழைச் சொட்டுக்குச் சொல்லுறா. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். “கொட்டைய எப்படிம்மா வப்பீங்க? குவிச்சா?”

“ஆமா, குவிச்சு.”

“அப்போ அது பொலில்லா.” களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைத்தான் பொலி என்கிறார்கள். “பொலிய அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லப்படாதும்மா. மொத மரக்கால லாபம்னு சொல்லணும். லாபம், ரெண்டு, மூணு. ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னு போகும்னு சொல்லுவாவ. அது மாதிரி, தீந்து போச்சு, இல்லன்னும் சொல்லப்படாது. நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். இவ போன அறுப்புக்கு என்கூட களத்துக்கு வந்தா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“வகுப்பில் மட்டும் ஒண்ணுன்னு சொல்லச் சொல்லலாமா?”

அவர் சாக்கு நுனியிலிருந்து தண்ணீரைப் பிழிந்தார்.

“நீங்க சொன்னா சொல்லுவா. ஆனா பிள்ளைதான, இங்கன பழகினத அங்கனயும் சொல்லிருவா. பண்ணையார் காதுல விழுந்துட்டுன்னா அடுத்த பொலிக்கு என்னய கூப்பிட மாட்டாவ. பள்ளிக்கூடம் வேணாம்னு நான் சொல்லலம்மா. நாளைக்கி வார இன்ஸ்பெக்டரம்மா ஏத்திவிட்டாவன்னா அவ ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுவேன். இல்லன்னா, சின்னப்பய தொட்டில்ல கெடக்கான். ஆள் வேணும்லா.”

தலைமை ஆசிரியர் அந்நேரம் குற்றாலத்தில் இருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு வில்வண்டி பேசப் போயிருந்தார். அவரிடம் சொல்ல வழியில்லை. நான் தாமதித்தால் அவர் சொன்னபடிதான் நடக்கும். “நாளைக்குக் கண்டிப்பாக அனுப்புங்கள்” என்றேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மாள் ஈரத்தலையைத் தளர முடிந்துகொண்டு, குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். வடக்கே பெரிய ஊர்களில் வேலை பார்த்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. தலைமை ஆசிரியர் உலகம்மாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். அவளைத் தூண் மறைவில் உட்காரவைத்திருந்தும் பயன் இல்லை. அதிகாரிகள் தூண் மறைவில் இருக்கிற குழந்தையைத்தான் கூப்பிடுவார்கள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“நீ வா. இதை எண்ணிக் காட்டு.”

தரையில் உட்கார்ந்து கொட்டையைத் தன் கையாலேயே குவித்தார். உலகம்மாள் முதல் கொட்டையை எடுத்து வைத்தாள். வாய் மூடியிருந்தது.

“ரெண்டு,” என்றாள்.

“ஒன்று எங்கே போயிற்று?”

குழந்தை கையை மடியில் வைத்துக்கொண்டாள். வகுப்பில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. தலைமை ஆசிரியர் இருமினார்.

எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. ‘ஒன்று சொல்லு’ என்று நானே கட்டளையிடலாம். சொல்லிவிடுவாள், ஏற்றியும் விடுவார்கள். ஆனால் அப்பாவா டீச்சரா என்று ஐந்து வயசுக் குழந்தையைத் தேர்ந்தெடுக்க வைத்ததாகும். களத்து வழக்கத்தை நானே விளக்கலாம். அப்போது இன்ஸ்பெக்டர் அம்மாள் என்னோடுதான் பேசிக்கொண்டிருப்பார், குழந்தைக்குக் கணக்கு தெரியுமா என்பது அப்படியே நிற்கும். மூன்றாவது, கேள்வியை மாற்றுவது. அவளுக்குச் சொல்லத்தான் தடை. குவியலை எண்ணி எழுதவும் தடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே அதைப் பற்றி அவர் எதுவும் விதித்திருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

“அம்மா, அவள் சொல்ல வேண்டாம். எழுதிக் காட்டட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுதட்டும்.”

சிலேட்டைக் கொடுத்தேன். கொட்டைகளைப் பழையபடி குவித்தாள். முதல் கொட்டையை எடுத்து வைத்தாள். பல்பத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். எனக்கு அந்த இடம்தான் நீளமாக இருந்தது. பிறகு 1 என்று போட்டாள். அடுத்தது 2. வரிசையாகப் போய்க் கடைசிக் கொட்டையில் 9 போட்டு நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒன்பதையும் ஒரேயடியாக அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டார். “இப்போது தரையில் எத்தனை?”

உலகம்மாள் 0 போட்டாள். போட்டுவிட்டு, சிலேட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நெறைஞ்சிருக்கு” என்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கும் கேட்டுவிட்டது. “சைபர் எழுதிவிட்டு நிறைந்திருக்கிறது என்கிறாயே. எது சரி?”

“ரெண்டும்.”

“எப்படி?”

“இது எழுதுறதுக்கு. அது சொல்லுறதுக்கு. பொலியில இல்லன்னு சொல்லப்படாது.”

“சரி. இதை வாயால் எப்படிச் சொல்வாய்?” 1ஐத் தொட்டுக் காட்டினார்.

“லாபம்.”

“அதையே முதலில் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அடி விழும்.”

மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. வகுப்பில் சிரிப்பு நின்றிருந்தது. ஜன்னல் மேல் போன வருஷத்துப் பிரம்பு இருந்தது. அதை எடுத்துப் போட எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

“முன்ன இருந்த வாத்தியாரு...” என்று தலைமை ஆசிரியர் ஆரம்பித்தார்.

“இது இங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கமா?” என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் அவரிடம் கேட்டார்.

“ஆமாம்மா. எங்க வீட்டுக் களத்துலயும் லாபம்னுதான்.”

“அப்படியானால் உங்களுக்கு இது தெரியும்.”

அவர் நேர்மையான மனிதர். “களத்துல தெரியும்மா. வகுப்புல தோணல,” என்றார்.

அவர் பேச்சை இத்தனை வருஷத்தில் நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் மீது குறை சொல்ல அல்ல. நாம் எல்லோரும் வாசலில் குடையைச் சாத்துகிற மாதிரி வீட்டில் தெரிந்ததையும் சாத்திவிட்டுத்தான் வகுப்புக்குள் வருகிறோம். குழந்தைக்கு மட்டும் அது தெரியாது. எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டு வருகிறது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் என் பக்கம் திரும்பினார். “வாயால் ஒன்று என்று எதற்காவது சொல்வாளா? முதல் வகுப்பில் அது வேண்டுமே.”

“சொட்டுக்குச் சொல்வாள் அம்மா.”

பித்தளைச் சட்டி முந்தின நாள் வைத்த இடத்திலேயே இருந்தது. மழை விட்டிருந்ததால் ஒழுகலும் குறைந்திருந்தது. உலகம்மாளைச் சட்டி முன் உட்காரவைத்தோம். எல்லோரும் ஓட்டைப் பார்த்தோம். ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் அம்மாள், தலைமை ஆசிரியர், நான், வகுப்பு முழுவதும் அதற்காகக் காத்திருந்தோம். பின்வரிசையில் ஒருத்தன், “விழுலே,” என்று அதைக் கெஞ்சினான்.

விழுந்தது.

“ஒண்ணு,” என்றாள் உலகம்மாள்.

அடுத்த சொட்டுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் காத்திருக்கவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, “இவளை ஏற்றிவிடுங்கள்,” என்றார். மடியிலிருந்த கொட்டைகளை மறந்துவிட்டிருந்தார். அவை தரையில் சிதறின. பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். வாசல்வரை போனவர் திரும்பி, “கூரையையும் பாருங்கள்,” என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உலகம்மாளின் அப்பா வாசலுக்கு எதிரே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “ஒண்ணுன்னு சொல்ல வச்சிட்டீங்களாம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். மழைச் சொட்டுக்கு மட்டும் சொன்னாள் என்றேன். “மழைக்குச் சொன்னா ஒண்ணுமில்ல. அது யார் வீட்டுப் பொலி,” என்றார். மறுநாள் அவளைச் சிலேட்டோடு கொண்டுவந்து முதல் வகுப்பு வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் சில மாற்றங்கள் செய்தேன். கொட்டையைக் குவித்து வைப்பதோடு, ஜன்னல் கம்பி, படி, சொட்டு என்று குவியாத பொருள்களையும் எண்ண வைக்கிறேன். எண்ணிச் சொல்லத் தயங்குகிற குழந்தையிடம் சிலேட்டைக் கொடுக்கிறேன். தப்பு என்று குறிக்கும் முன், அதே கேள்வியை வேறு பொருளை வைத்து ஒருமுறை கேட்கிறேன். எல்லா நேரமும் உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சில குழந்தைகளுக்கு நிஜமாகவே எண்ண வராது. அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டியதுதான். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் யாரையும் ஆய்வு நாளில் வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள்.

இப்போதைய நிலை இது. உலகம்மாள் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள்; பின்னக் கணக்கு அவளுக்குப் பிடிக்கிறது. அறுப்புக் காலத்தில் அப்பாவோடு களத்துக்குப் போய் முதல் மரக்காலை லாபம் என்கிறாள். வகுப்பில் கணக்குப் போடும்போது ஒன்று என்கிறாள். இரண்டையும் அவள் இதுவரை குழப்பியதில்லை. அப்பாவை அதே பண்ணையில்தான் அளக்கக் கூப்பிடுகிறார்கள். பிரம்பு இப்போது வகுப்பில் இல்லை. அன்று தொட்டிலில் கிடந்த தம்பி வரும் ஆனியில் சிசு வகுப்புக்கு, அதாவது உங்களிடம், வருகிறான். பித்தளைச் சட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது.